சாமிதுரை முன்மொழியாத தீர்மானம்

ஆலங்கட்டளையில் வந்து சாமிதுரை வீடு எது என்று கேட்டால், எந்தச் சாமிதுரை என்று திருப்பிக் கேட்பார்கள். குண்டான் சாமிதுரை என்று சொன்னால் போதும், கைப்பிடித்துக் கொண்டுபோய் விடுவார்கள். நன்னிலத்திலிருந்து வரும் டவுன் பஸ் கண்டக்டருக்குக்கூட அந்தப் பெயர் தெரியும். ஐம்பத்தெட்டு வயது. விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் கிளைச் செயலாளராகப் பதினெட்டு வருஷம் இருந்தவர். இப்போது கிளையில் கூட்டமும் நடப்பதில்லை, கொடிக்கம்பத்துக்கு வர்ணமும் அடிப்பதில்லை. செயலாளர் மட்டும் மிச்சம்.

குண்டான் என்ற பட்டம் 1993 தை மாதத்தில் வந்தது. அறுவடைக் கூலியாகக் களத்தில் அளக்கும் நெல்லைக் கொஞ்சம் கூட்டி அளக்கச் சொல்லி ஊரில் வேலைநிறுத்தம். ஒன்பதாம் நாள் பெரிய பண்ணைக்காரர், பேராவூரணிப் பக்கத்துக் காய்ந்த ஊர்களிலிருந்து முப்பது பேரை லாரியில் கொண்டுவந்து இறக்கினார். பழைய கூலிக்கே அறுக்கிறோம் என்று வந்தவர்கள் அவர்கள். ஊர் ஆள் இருக்க வெளியாள் வயலில் இறங்கக் கூடாது என்பது சங்கத்தின் சட்டம். சாமிதுரை ஒற்றை ஆளாகப் போனார், வரப்பில் இருந்த கஞ்சிக் குண்டானைத் தலைக்கு மேலே தூக்கினார், வாய்க்காலில் வீசினார், வெளியாட்கள் மூட்டை கட்டினார்கள், மறுநாளே பண்ணை இறங்கிவந்தது. இதுதான் ஊர் சொல்லும் கதை.

நடந்தது கொஞ்சம் வேறு. அவர் ஒற்றை ஆளாகப் போகவில்லை, கூட நாலு பேர் இருந்தார்கள். குண்டானைத் தூக்கவும் இல்லை. வரப்பில் நின்று வாய் வலிக்கப் பேசிப் பார்த்தார். யாரும் அரிவாளைக் கீழே வைக்கவில்லை. ஆத்திரத்தில் காலால் ஓர் எத்து. அவ்வளவுதான். முப்பது பேர் குடிக்கவேண்டிய கஞ்சி வரப்பில் வழிந்து வாய்க்காலில் இறங்கியது. நெல் விளையும் ஊரில் பிறந்த ஒருவன் சோற்றைக் காலால் எத்திவிட்டு அதை வெளியே சொல்ல முடியுமா? கூட வந்த நாலு பேருமே கதையை மாற்றித்தான் சொன்னார்கள். அவர்களில் மூன்று பேர் இப்போது உயிரோடு இல்லை. நாலாமவர் சிங்கப்பூரில் மகனோடு இருக்கிறார்.

ஊரில் உண்மை தெரிந்த இன்னோர் ஆள் உண்டு. அந்தக் குண்டானுக்குப் பக்கத்தில் உப்பும் பச்சைமிளகாயும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பதினேழு வயதுப் பெண். அவள் பெயர் கண்ணாத்தாள். இப்போது அவர் மனைவி.

இந்தக் கல்யாணம் எப்படி நடந்தது என்று ஊரில் யாரைக் கேட்டாலும் உதட்டைப் பிதுக்குவார்கள். மறுவருஷம் சங்கம் அவரைப் பேராவூரணிப் பக்கம் அனுப்பியது, குறைந்த கூலிக்கு வராதீர்கள் என்று அந்த ஜனங்களிடம் எடுத்துச் சொல்ல. கூட்டத்தில் அந்தப் பெண் எழுந்து, “எல்லாம் சரி, கஞ்சியக் கொட்டுனீங்களே, அதுக்கு என்ன சொல்றீங்க?” என்று கேட்டாள். இவருக்குப் பதில் வரவில்லை. பதில் சொல்ல இன்னொரு முறை போனார், இன்னொரு முறையும் போனார். சங்கத்துக்கு அங்கே அத்தனை வேலை கிடையாது என்பது எல்லாருக்கும் தெரியும். பிறகு விசாரித்ததில் எட்டாத தூரத்தில் ஓர் உறவுமுறை வந்து உதவியது. 1995 வைகாசியில் கல்யாணம்.

வந்த புதிதில் கண்ணாத்தாளை ஊர்ப் பெண்கள் ‘தெக்கத்தியா’ என்றுதான் கூப்பிட்டார்கள். நடவு வயலில் அவள் வரிசை கோணிக்கொண்டு போகும், எல்லாரும் சிரிப்பார்கள். அவள் பேச்சைப் பேசிக் காட்டியும் சிரிப்பார்கள். ஒன்றுக்கும் மறுவார்த்தை பேசாமல் குனிந்தவள், ஐந்தாறு வருஷத்தில் யாரும் பக்கத்தில் நிற்க முடியாத நடவாளாக நிமிர்ந்தாள். இப்போது பதினாலு பெண்கள் கொண்ட நடவு செட்டுக்கு அவள்தான் தலைவி. அவளுடைய தென்பக்கத்துப் பேச்சு போன இடம் தெரியவில்லை. கோபம் வந்தால்கூட ஆலங்கட்டளைக் கோபம்தான் வரும்.

2022இல் அவளுக்கு வந்த கோபம் அப்படிப்பட்டது. அந்த வருஷம் சம்பா நடவுக்கு மேற்கு வங்கத்திலிருந்து பன்னிரண்டு பேர் வந்து சாரங்கபாணியின் மோட்டார் கொட்டகையில் தங்கினார்கள். சாரங்கபாணி அந்தப் பழைய பெரிய பண்ணையின் மகன். வந்தவர்கள் கயிறு பிடித்து, விடிகாலையில் இறங்கி, வெயில் ஏறுவதற்குள் ஒரு வயலை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனார்கள். புரட்டாசி பிறந்தும் கண்ணாத்தாளின் செட்டுக்கு நாலே நாள் வேலை. பெண்கள் காலையில் வந்து வாசலில் உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

“ஆள் கெடைக்கலன்னா சொல்லலாம். நாங்க பதினாலு பேரு குத்துக்கல்லு மாதிரி இருக்கோமே” என்று சாரங்கபாணியிடம் போய்ச் சண்டை போட்டாள்.

“இருக்கீங்க, இல்லேங்கல. நாலு பேருக்கு முழங்கால் வலி, ரெண்டு பேரு நூறு நாள் வேலைக்குப் போயிடுறாங்க. நாத்து முத்திப்போனா உங்க செட்டா வந்து பொறுப்பு ஏத்துக்கும்?” என்றார் சாரங்கபாணி. அவர் சொன்னதிலும் பொய் இல்லை.

இந்த நேரத்தில்தான் இளவழகன் ஒரு காகிதத்தோடு வீட்டுக்கு வந்தான். பக்கத்து ஊர்ப் பையன், இன்ஜினியரிங் படித்தவன், தமிழர் உரிமை பேசும் ஒரு கட்சியில் ஒன்றியப் பொறுப்பாளர். பேச்சில் கெட்டிக்காரன். கெட்டவன் என்றும் சொல்லிவிட முடியாது. வெள்ளக் காலத்தில் தெருவுக்குள் முதலில் சோற்றுப் பொட்டலத்தோடு இடுப்பளவுத் தண்ணீரில் வந்தவன் அவன்தான். அக்டோபர் இரண்டாம் தேதி கிராம சபையில் வடமாநிலத்து ஆட்களுக்கு எதிராகத் தீர்மானம் கொண்டுவரவேண்டும், அதைச் சாமிதுரை முன்மொழியவேண்டும் என்றான்.

“நாங்க சொன்னா கட்சி அரசியலும்பாங்க. நீங்க சொன்னா அதுல ஒரு வரலாறு இருக்குங்க ஐயா. முப்பது வருசத்துக்கு முன்னாடியே வெளியாளை வெரட்டுன மண்ணு இது.”

“அவரு சொல்லுவாரு தம்பி. நீ எழுதிக்க” என்று உள்ளிருந்து கண்ணாத்தாள் பதில் சொன்னாள்.

சாமிதுரை கண்ணாடியை மாட்டிக்கொண்டு காகிதத்தைப் படித்தார். கூலியைப் பற்றி ஒரு வரி, கடைசியில். அதற்கு மேலே முழுக்க வேறு விஷயம். குற்றப் பின்னணி உடைய வந்தேறிகள். நோய் பரப்பும் கூட்டம். நம் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஆபத்து. இன்று வயல், நாளை ஓட்டு, நாளை மறுநாள் ஊர். அவர் அந்தக் காகிதத்தை மடித்து மேசையில் வைத்தார். யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

அவன் போனதும் வீட்டுக்குள் புயல். “வெளியாள் எறங்கக் கூடாதுன்னு சட்டம் போட்டது யாரு? நீங்கதான? அந்த ஒரு கதையச் சொல்லியே முப்பது வருசமா ஊரான் காசுல டீ குடிச்சிருக்கீங்க. இன்னிக்கு எம் பொழப்பு போவுது, இப்ப வாய மூடிக்கிட்டா என்ன அர்த்தம்?”

“அதுல என்னென்ன எழுதியிருக்கான்னு படிச்சியா? திருடன்னு எழுதியிருக்கான். நோய்க்காரன்னு எழுதியிருக்கான்.”

“நாலு வார்த்தை கூடுதலா எழுதுனாத்தான் அதிகாரி காதுல ஏறும்.”

“நீயே வெளியாளா வந்தவதான கண்ணாத்தா.”

அவள் கையிலிருந்த சொம்பை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். “வந்தேன். வந்து இந்தச் சேத்துல இருவத்தேழு வருசம் குனிஞ்சிருக்கேன். உங்க பேச்சைப் பேசி, உங்க சோத்தப் பொங்கி, உங்க வரிசையில நட்டுருக்கேன். என்னைய வெளியாள்னு சொல்லாதீங்க.”

அவர் உடனே மகள் செம்மொழியின் பேச்சை எடுத்தார். 2016இல் காவிரித் தண்ணீருக்காகப் பெங்களூரில் கலவரம் நடந்தபோது அவள் அங்கே கம்பெனி வேலையில் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. இரண்டு நாள் அறையைப் பூட்டிக்கொண்டு, போனில்கூடத் தமிழ் பேசப் பயந்து, மெசேஜ் மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தாள். “அன்னிக்கு நீ சோறு திங்கல, ஞாபகம் இருக்கா?”

“அவ பரீச்சை எழுதிப் போனா. யாரு வேலையப் புடுங்குனா?”

“கல்லத் தூக்குனவன் அப்படியா நெனச்சான்?”

கண்ணாத்தாள் சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அடுத்த இரண்டு நாள் அவருக்குத் தட்டு வந்தது, பேச்சு வரவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் சாமிதுரை மோட்டார் கொட்டகைக்குப் போனார். வெளியாள் வந்தால் முதலில் போய்ப் பேசு, அப்புறம்தான் மற்றது என்பது சங்கத்தில் அவருக்குச் சொல்லிக்கொடுத்த முறை. 93இலும் அப்படிப் பேசத்தான் போயிருந்தார். கொட்டகை வாசலில் உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. கூட்டத்தின் மேஸ்திரி மொந்து, முப்பது வயது இருக்கும், ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்காரச் சொன்னான்.

“நீங்க ஓனரா?”

“இல்ல.”

“ஏஜண்ட்?”

“இல்லப்பா.”

“பின்ன யாரு?”

சாமிதுரை வாளியில் உட்கார்ந்தார். நான் இந்த ஊரு என்றார். மொந்து தலையாட்டினான். அவனுக்குத் தெரிந்த தமிழிலும் விரல்களிலும் கூலியைச் சொன்னான். ஏஜண்ட் தன் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு அவர்கள் கைக்கு வருவது, கண்ணாத்தாள் செட்டு வாங்குவதைவிட நன்றாகவே குறைவு. இங்கே பெண்கள் எவ்வளவு வாங்குகிறார்கள் என்று இவர் சொன்னபோது அவன் கேள்விப்படாத மாதிரிப் பார்த்தான். பிறகு உள்ளே திரும்பி மற்றவர்களிடம் அவன் மொழியில் என்னவோ சொன்னான். யாரோ சிரித்தார்கள். சந்தோஷச் சிரிப்பு இல்லை அது. சாமிதுரைக்கு அதைப் புரிந்துகொள்ள மொழி வேண்டியிருக்கவில்லை.

அக்டோபர் இரண்டு, ஞாயிற்றுக்கிழமை. தொடக்கப்பள்ளி வளாகத்தில் பந்தல் போட்டுக் கிராம சபை. ஊராட்சிச் செயலர் குடிநீர், டெங்கு, தெருவிளக்கு என்று வரிசையாகப் படித்தார். வழக்கமாக நாற்பது பேர் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிற இடத்தில் அன்று இருநூறு பேர். நடவு செட்டு முழுவதும் முன்வரிசையில். இளவழகன் மைக்கைப் பிடித்தான். பக்கத்தில் அவன் கூட்டாளி ஒருவன் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

“வந்தாரை வாழ வைத்தோம். வந்தவன் நம்ம வாசல்ல நின்னு நம்மளையே யாருன்னு கேக்கறான். வாந்தி பேதியக் கொண்டாந்தது யாரு? ராத்திரி வீடு பூந்து திருடறது யாரு? இந்த மண்ணுக்கு இது புதுசில்ல. இங்க உக்காந்திருக்காரே சாமிதுரை ஐயா, அன்னிக்கே வந்தேறிகளோட குண்டானத் தூக்கி வாய்க்கால்ல எறிஞ்சவரு. அந்த வீரம் இன்னும் செத்துப் போகல. ஐயா இப்ப தீர்மானத்த முன்மொழிவாரு.”

கைதட்டல். சாமிதுரை எழுந்தார். முப்பது வருஷமாக இந்தக் கதை சொல்லப்படும்போதெல்லாம் கொஞ்சம் கூச்சப்படுகிற மாதிரி தலையைக் குனிந்து உள்ளுக்குள் மகிழ்ந்தவர். இன்று தலையைக் குனியவில்லை. முன்வரிசையைப் பார்க்காமல் மைக்கைப் பார்த்துப் பேசினார்.

“நான் முன்மொழியல. இந்த ஊருல யாரு வீட்டுல திருட்டுப் போச்சு? யாருக்கு வாந்தி பேதி வந்துச்சு? யாராச்சும் சொல்லுங்க. எதுவும் நடக்காம எழுதிக் குடுத்தா நான் கையெழுத்துப் போட மாட்டேன். இன்னொண்ணு. குண்டான நான் தூக்கி எறியல. காலால எத்துனேன். சோத்தக் காலால எத்துனேன். அத இத்தினி வருசமா மறைச்சது தப்பு. எத்துனது அதவிடப் பெரிய தப்பு.”

பின்வரிசையில் யாரோ, “காசு வாங்கிட்டாரா?” என்றார்கள். சாரங்கபாணி தனக்குச் சாதகமாகிவிட்டது என்று நினைத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்போது கண்ணாத்தாள் எழுந்து வந்து சாமிதுரை கையிலிருந்த மைக்கை வாங்கினாள்.

“அந்தக் கஞ்சிக்குப் பக்கத்துல உக்காந்திருந்தவ நான்தான்” என்றாள். தெருவில் பாதிப் பேருக்கு இது தெரியாது. “இவரு சொன்னது நெசம். கஞ்சியக் கொட்டுனது தப்பு. ஆனா எங்கள வெரட்டுனது தப்பில்ல. நாங்க கொறஞ்ச கூலிக்கு வந்தோம், ஊர் ஜனம் வயித்துல அடிச்சோம், வெரட்டுனாங்க. அப்பக்கூட எங்களத் திருடின்னோ நோய்க்காரின்னோ இந்த ஊரு ஒரு வார்த்தை சொல்லல. கூலியப் பத்தித்தான் பேச்சு. இப்பவும் எனக்குக் கூலியப் பத்தித்தான் பேச்சு. எங்க வேலையப் பறிக்கிறாங்க, நாங்க பார்த்துக்கிட்டு சும்மா இருக்க முடியாது. அத எழுதுங்க. ஊர் ஆளைக் கூப்புட்டுட்டு அப்புறம் வெளியாளக் கூப்புடு. யாரு நட்டாலும் ஒரே கூலி குடு. ஏஜண்ட்டு நடுவுல திங்கக் கூடாது. அந்த மத்த கண்றாவிய எல்லாம் அடிச்சுட்டு இத எழுதுங்க.”

“அம்மா, அந்த வரியெல்லாம் எடுத்துட்டா இதுல ஒண்ணுமே இல்லைங்க. எவன் பேப்பர்ல போடுவான்?” என்றான் இளவழகன்.

“பேப்பருக்கா தீர்மானம் போடறோம்?” என்று கேட்டாள்.

அரைமணி நேரக் கூச்சல். சாரங்கபாணி, யாருக்கு எந்தக் கூலி கொடுப்பது என்பது என் இஷ்டம் என்றார். ஒருவர் வெளிநடப்புச் செய்தார், பிஸ்கட்டும் டீயும் வந்ததும் திரும்பிவந்தார். கடைசியில் செயலர், கண்ணாத்தாள் சொன்னதை இரண்டு வரியாக எழுதிப் படித்தார். கைகள் உயர்ந்தன. சாமிதுரையும் உயர்த்தினார். சாரங்கபாணிகூடக் கையெழுத்துப் போட்டார். கிராம சபைத் தீர்மானம் ஒருவரையும் கடித்ததில்லை என்று அவருக்குத் தெரியும். இளவழகன் மட்டும் போடவில்லை.

பிற்பகலில் கண்ணாத்தாள் கொல்லையில் உட்கார்ந்து கெண்டை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். பெங்களூரிலிருந்து செம்மொழி போன் செய்தாள். “அம்மா, உன் வீடியோ எல்லா குரூப்லயும் சுத்துதும்மா. அனுப்பியிருக்கேன் பாரு” என்றவள் குரலில் பெருமையும் இல்லை, சிரிப்பும் இல்லை. கண்ணாத்தாளின் கையெல்லாம் செதிள். சாமிதுரை போனைப் பிடித்துக் காட்டினார். பத்தே நொடி. “எங்க வேலையப் பறிக்கிறாங்க, நாங்க பார்த்துக்கிட்டு சும்மா இருக்க முடியாது” என்று கண்ணாத்தாள் கையை ஓங்கிப் பேசுகிறாள். அதற்கு முன்னும் பின்னும் ஒன்றும் கிடையாது. மேலே சிவப்பு எழுத்தில், ‘வந்தேறிகளை எச்சரிக்கும் வீரத் தமிழச்சி’. கீழே நூற்றுக்கணக்கில் ஆட்கள் வாயில் வந்ததையெல்லாம் எழுதியிருந்தார்கள். அடித்துத் துரத்து என்றிருந்தது. உயிரோடு விடாதே என்றும் ஒருவர் எழுதியிருந்தார்.

“பாத்தியா, எப்படி வெட்டிப் போட்டிருக்கான்” என்றார் சாமிதுரை. “நாளைக்கே போய் எடுக்கச் சொல்றேன்.”

கண்ணாத்தாள் இன்னொரு முறை போடச் சொன்னாள். பார்த்தாள். பிறகு மீனை எடுத்துக் கல்லில் உரசத் தொடங்கினாள்.

“இதுல இருக்கறது பொய் இல்ல. நான் சொன்னதுதான், நாளைக்கும் சொல்லுவேன். வெட்டித் தள்ளுனதுலதான் ஒரு பொய் இருக்கு.”

“எது?”

“எங்கள வெரட்டுனது தப்பில்லன்னு சொன்னேன்ல. அது.”

அவர் போனைக் கீழே வைத்தார். அவள் தலை நிமிராமல் பேசினாள்.

“அன்னிக்கு மன்னார்குடி வரைக்கும் நடந்தே போனோம். ஆத்தாளுக்குக் காய்ச்சல். அறுப்புக்குப் போனா நெல்லு வருங்கற நம்பிக்கையிலதான் அந்த வருசம் வீடு ஓடுச்சு. வெறுங்கையாப் போயி நின்னோம். மாசி பொறக்கறதுக்குள்ள தம்பிய, ஆட்டுக்கெடை வச்சிருந்த ஒரு கீதாரிகிட்ட மேய்க்க விட்டாங்க. அதுக்கு அவன் ரெண்டு மூட்டை நெல்லு குடுத்தான். ஒம்போது வயசு தம்பிக்கு. கெடை ஆட்டோட ஊர் ஊராப் போனான். ரெண்டு தடவ வந்து பாத்துட்டுப் போனான். அப்புறம் வரல. கீதாரியப் போயிக் கேட்டா, ஓடிட்டாங்கறான். எங்க ஓடுவான் அவன்? வழியே தெரியாது அவனுக்கு.”

மாமியார் வீட்டில் யாரோ எப்போதோ, ஒரு பையன் சின்ன வயசிலேயே போய்விட்டான் என்று சொல்லி சாமிதுரை கேட்டதுண்டு. காய்ச்சலாக இருக்கும் என்று அவராகவே நினைத்துக்கொண்டார். மேற்கொண்டு கேட்கவில்லை. இருபத்தேழு வருஷம் கூடவே வாழ்ந்தும் கேட்கவில்லை.

“பின்ன ஏன் எல்லாரு முன்னாடியும் தப்பில்லன்னு சொன்ன?” என்றார் சாமிதுரை.

“அத்தினி பேருக்கு நடுவுல தனியா நின்னீங்க. காசு வாங்கிட்டீங்கன்னு ஒருத்தன் சொல்றான். அந்த எடத்துல வேற என்னத்தச் சொல்றது?” ஒரு மீனைச் சட்டியில் போட்டாள். “எனக்கு நடவும் வேணும். அதையும் சேத்துத்தான் சொன்னேன்.”

சாமிதுரை கிணற்றடியில் உட்கார்ந்தார். மன்னித்துக்கொள் என்று சொல்ல வாய் வந்தது. ஒரு குண்டான் கஞ்சிக்கு வேண்டுமானால் அந்த வார்த்தை பொருந்தலாம் என்று தோன்றியது. சொல்லாமல் விட்டார். ஒன்று மட்டும் கேட்டார்.

“அவன் பேரு என்ன?”

“இப்பத்தான் கேக்கணும்னு தோணுச்சா?” என்றாள் கண்ணாத்தாள். முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்.